கம்பைலர் இல்லாத நான்கு நாட்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு, ஆடுகோடியில் நான் வேலை பார்க்கும் சிறிய கம்பெனியில், அங்கிருந்த லினக்ஸ் கணினியின் கம்பைலரை நீக்கினேன். கை தவறிக் கண்ணாடி டம்ளர் விழுவதைப் போன்ற காரியமல்ல அது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும், பிறகு என்டரை அழுத்த வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன்.

எங்கள் கம்பெனி லிஃப்ட் செய்வதில்லை. லிஃப்டுக்குள்ளிருந்து பேசும் பெட்டியைச் செய்கிறது. 'கதவு மூடுகிறது', 'இரண்டாம் மாடி' என்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் சொல்லும் குரல் அந்தப் பெட்டியிலிருந்து வருவது. மொத்தம் ஒன்பது பேர் இருக்கிறோம். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது நான். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறேன். அப்பா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பல வருடம் கயிற்றில் தொங்கும் கூண்டில் இறங்கி ஏறியவர். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று, "கயிறு நல்ல கயிறா?" என்று மட்டும் கேட்டார். கயிறு எங்கள் வேலை இல்லை என்றேன். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

அந்த வாரம் எங்களுக்கு ஒரு அவசரம் இருந்தது. பிரேசர் டவுனில் ஒரு கண் மருத்துவமனை, தன் கீழ்த்தளத்து வண்டி நிறுத்தத்தை மருந்துக்கடையாக மாற்றி, லிஃப்டை அங்கேயும் இறங்கச் செய்திருந்தது. எங்கள் பெட்டி அடியிலிருந்து எண்ணும் பழக்கம் உடையது. ஆகவே மருந்துக்கடையைத் தரைத்தளம் என்றது, தரைத்தளத்தை முதல் மாடி என்றது, முதல் மாடியை இரண்டாம் மாடி என்றது. கண் தெரிகிறவர்கள் இருக்கும் கட்டடமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே பாதிப் பேர் கட்டுப் போட்ட கண்ணோடு வருகிறவர்கள். இரண்டாம் மாடிக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளப் போன ஒரு பெரியவர், குரலை நம்பி முதல் மாடியில் இறங்கி, நிர்வாக அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் வேலைக்கு விண்ணப்பிக்க வந்திருக்கிறார் என்று அங்கிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தற்காலிக ஏற்பாடாக லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு வார்டு ஊழியர் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். லிஃப்ட் 'இரண்டாம் மாடி' என்று சொல்லும்போது, அவர் "இது ஒண்ணுங்க" என்று சொல்வார். நோயாளிகள் லிஃப்டைத்தான் நம்பினார்கள். சனிக்கிழமைக்குள் சரிசெய்து தருகிறோம் என்று எங்கள் முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

திருத்தம் சின்னது. புரோகிராமில் ஒரு வரியை மாற்ற வேண்டும், மாற்றியதைக் கம்பைலரில் கொடுக்க வேண்டும். மனிதர் எழுதியதை எடுத்து, பெட்டிக்குப் புரிகிற வடிவத்தில் ஆக்கித் தருவது கம்பைலர். அது இருந்தது ஓரத்து மேஜையில் இருந்த பழைய கணினியில். அந்தக் கணினியில் ஓடிய லினக்ஸ் ஒரு தனி ரகம். மற்ற ரகங்களில் எல்லாவற்றையும் தயாராக வாங்கி வைத்துக்கொள்ளலாம். இதில் ஒவ்வொன்றையும் மனிதர் எழுதிய மூலநிரலிலிருந்து அதுவே ஆக்கிக்கொள்ளும். கடையில் எதுவும் வாங்காத வீடு மாதிரி.

டிஸ்க்கில் இடமில்லை என்று கணினி சொன்னது. பார்த்தேன். இரண்டு கம்பைலர்கள் இருந்தன, பழையது ஒன்று, அதற்கு முந்தையது ஒன்று. முந்தையதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். நீக்கு என்று எழுதி, கம்பைலரின் பெயரை எழுதினேன். எண்ணை எழுதவில்லை. எண் இல்லாவிட்டால் அந்தப் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் நீக்கச் சொல்வதாக அர்த்தம். அது எனக்குத் தெரியாததும் அல்ல.

கணினி என்னை எச்சரித்தது. இது அடிப்படையான பொருள், இதை நீக்கினால் சேதம் வரலாம் என்று சிவப்பில் எழுதியது. பிறகு மனம் மாறுவதற்காக அவகாசம் கொடுத்து, ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணியது. நான் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்துத் திரும்பியபோது அதுவும் முடித்திருந்தது.

கணினி செத்துவிடவில்லை. எல்லாம் முன்போலவே ஓடின. கடிகாரம்கூடச் சரியான நேரம் காட்டியது. இனி அந்தக் கணினி புதிதாக எதையும் ஆக்க முடியாது, அவ்வளவுதான். கம்பைலரின் மூலநிரல் டிஸ்க்கிலேயே இருந்தது. அதிலிருந்து கம்பைலரை ஆக்கலாம். ஆக்குவதற்கு ஒரு கம்பைலர் வேண்டும்.

மதியம் வரை என் லேப்டாப்பில் இருந்த கம்பைலரை அதில் நகலெடுத்துப் பார்த்தேன். அது ரொம்பப் புதியது, இந்த வீட்டில் எனக்குத் தேவையானது எதுவும் இல்லை என்று சொல்லி ஓட மறுத்தது. இணையத்தில் தேடினேன். இத்தனை பழைய கணினிக்கு இத்தனை பழைய கம்பைலரைத் தயாராக வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் எடுக்கப்பட்டிருந்தன. வேறு கணினியில் வேறு கம்பைலரை வைத்து ஆக்கலாம்தான். ஆனால் கம்பைலர் மாறினால், சோதனைக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் லிஃப்டில் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதியவள் நான்.

முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். கன்னடக்காரர், எங்களோடு இருபது வருடம் பேசிப் பேசி அவருக்கென்று ஒரு தமிழ் வைத்திருப்பவர்.

"ஆயித்தா மேடம், முடிஞ்சுதா?"

"கொஞ்சம் பாக்கி சார்."

மறுநாளும் அவர் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

புதன்கிழமை மாலை ரயிலில் என் பக்கத்தில் வழக்கம்போல ஊர்க்கார சிநேகிதி உட்கார்ந்திருந்தாள். ஒயிட்ஃபீல்டில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருக்கிறாள். அவள் ஏறும்வரை ஒரு பையை வைத்து இடம் பிடிப்பது என் பொறுப்பு.

"இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

சொன்னேன். கம்பைலர் என்றால் என்ன என்று கேட்டாள். மாவும் கிரைண்டரும் வைத்துச் சொன்னேன்.

"அப்ப நீ கிரைண்டர தூக்கிப் போட்டுட்ட."

"ஆமா."

"வேற வாங்கு."

"அந்த மாடல் இப்ப வர்றதில்ல."

மாலூர் வரை அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அந்த மாடல் வேற யாரு ஊட்லயாவது இருக்குமா?"

இருக்கும். எனக்கு அது செவ்வாய்க்கிழமையே தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு நாள் மற்ற எல்லாவற்றையும் முயன்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கணினியை அமைத்தது, எனக்கு முன்பிருந்தே கம்பெனியில் இந்த வேலையைப் பார்த்துவந்த, நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்ல முடியாது, நான் வரும்போதே ஓரளவு தெரிந்துதான் வந்தேன். ஆனால் ஆறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு கூட்டத்தில், இந்தப் பழைய கணினியைத் தூக்கிவிட்டுப் புதியது வைக்கலாம் என்று முதலாளி சொன்னார். முழுதாகச் சோதித்துப் பார்க்காமல் மாற்றக் கூடாது என்று அக்கா சொன்னார். எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார் என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். "புதுசு நல்லதுதான் சார்" என்றேன். அடுத்த மாதம் அக்கா வேலையை விட்டார். புதிய கணினி வரவே இல்லை. சோதித்துப் பார்க்காமல் பழையதை மாற்றுவது சரியல்ல என்று பின்னால் முதலாளிக்கே தோன்றிவிட்டது.

அக்கா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு தடவைகூட நான் போன் செய்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை நேராக முதலாளியின் அறைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். நீக்கியது நான்தான், செவ்வாய்க்கிழமையே நீக்கிவிட்டேன், நேற்றும் அதைச் சொல்லாமல் இருந்தேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க கிட்ட இருக்குதா?"

"வீட்ல இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாங்க சார். ரெண்டையும் ஒண்ணாத்தான் அமைச்சாங்க."

"நான் போன் மாடலா, நானே பேசட்டா?"

"வேண்டாம் சார்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஹௌது, ஆமா, வேண்டாம்" என்றார். மேஜை இழுப்பறையைத் திறந்து மின்னழுத்தம் அளக்கும் ஒரு மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்தார். அக்கா விட்டுவிட்டுப் போனது. "இத குடுத்துடுங்க. ரொம்ப நாளா இங்கேயே இருக்குது."

பேருந்தில் சிவாஜிநகர் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். போன் செய்துவிட்டுப் போவதுதான் முறை. போனில் வேண்டாம் என்று சொல்வது சுலபம் என்பதால் செய்யவில்லை.

அக்காதான் கதவைத் திறந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. சாயம் போடுவதை நிறுத்தியிருக்கிறார் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"வாம்மா. அந்த மெஷின் நின்னு போச்சா?"

"நிக்கலக்கா. கம்பைலர எடுத்துட்டேன்."

"எந்த கம்பைலர?"

"ரெண்டையும்."

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். சாப்பாட்டு மேஜையின் ஒரு கோடியில் அந்தக் கணினியின் ஜோடி இருந்தது. திரையில் தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கான பாட்டுத் தாள். அக்கா அதைச் சேமித்து மூடினார்.

"எடுக்கும்போது அஞ்சு வரைக்கும் எண்ணுமே."

"எண்ணுச்சு."

"அப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

"டீ ஊத்திட்டிருந்தேன்."

அக்கா தலையசைத்தார். அது எந்த வகைத் தலையசைப்பு என்று தெரியவில்லை. மல்டிமீட்டரைக் கொடுத்தேன். வாங்கி, குமிழைத் திருப்பி, இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்தார். பின்பக்கத்தைத் திறந்தார்.

"பேட்டரி புதுசு போட்டிருக்காரு," என்றார்.

அதை அவர் கண்ணாடி அலமாரிக்குள், தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு மீட்டிங்ல நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் சரின்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எனக்கும் தெரியும், உனக்குத் தெரியும்னு." பென்டிரைவுக்காகக் கையை நீட்டினார். "நீ சொன்னதுகூடப் பரவால்ல. என் பக்கம் பாக்காம சொன்ன பாரு, அதுதான். சரி, கம்பைலர இப்ப குடுக்கறேன். மன்னிப்பப் பத்தி இன்னொரு நாள் பேசலாம். எனக்கு மூணு மணிக்கு ப்ராக்டிஸ் இருக்கு."

ஏற்கெனவே நிறுவியிருக்கும் பொருளை, இருக்கிறபடியே ஒரு பொட்டலமாகக் கட்டித் தர அந்த லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. அக்கா அதைத் தட்டினார். பொட்டலம் கட்டும் வரை எனக்குப் பிளம் கேக்கும் காப்பியும் வந்தன. கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேக்கை எடுத்தேன். அக்கா அதைக் கவனித்தார்.

"இதுல நீ ஒண்ணும் கெடுக்க முடியாது. சாப்பிடு."

கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, இதுதான் உன் கம்பைலர் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். இரவல் கம்பைலரோடு நின்றுவிடாதே, அதை வைத்து அங்கேயே சொந்தமாக ஒன்றை ஆக்கிக்கொள். திருத்தத்தைத் தொடுவதற்கு முன்னால், இப்போது மருத்துவமனையில் ஓடும் பழைய புரோகிராமையே ஒரு தடவை ஆக்கி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார். ஒரு எழுத்துகூட மாறக் கூடாது, மாறாமல் இருந்தால்தான் அது அதே கம்பைலர். "மாறினா எனக்குப் போன் பண்ணு," என்றார். பிறகு, "மாறலேன்னாலும் பண்ணு" என்றார்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே ஆடுகோடியில் இருந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு சின்னப் புரோகிராமைக் கொடுத்துப் பார்த்தேன். கம்பைலர் இல்லை என்றது. கோப்புகளைப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. மறுபடி கொடுத்தேன். இல்லை என்றது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மூணு விஷயம் சொன்னேனே, மொதல்ல என்ன சொன்னேன்?"

யோசித்தேன். "இதுதான் உன் கம்பைலர்னு சொல்லணும்."

"சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லு," என்று போனை வைத்துவிட்டார்.

சொன்னேன். அதற்குப் பிறகு ஓடியது. இரவல் கம்பைலரை வைத்துச் சொந்தக் கம்பைலரை ஆக்க விட்டேன். பழைய கணினி, நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு வரியும் புரியாது. மதியச் சாப்பாட்டைக்கூட அங்கேயே வரவழைத்தார். இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"பேட்டரி புதுசு போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க."

அவர் ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினார்.

இரண்டரைக்கு முடிந்தது. பழைய புரோகிராமை ஆக்கினேன். மருத்துவமனைக்குப் போன புரோகிராமின் நகலை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டளையைக் கொடுத்தேன். அந்தக் கட்டளை வித்தியாசம் இருந்தால்தான் பேசும். ஒன்றும் பேசவில்லை. சரியாகத்தான் கொடுத்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி கொடுத்தேன். அப்போதும் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கியது. முதலாளி அது என்ன பிழை என்று கேட்டார். பிழை இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு வரியை மாற்றினேன். அதை ஆக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். "மாறல," என்றேன். "மாறாது," என்றார். மாலை ரயிலில் சிநேகிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பங்காருபேட்டை வரை தூங்கினேன்.

சனிக்கிழமை மருத்துவமனையில் பெட்டியைத் திறந்து புதிய புரோகிராமைப் போட்டேன். லிஃப்ட் கீழே போய் 'மருந்துக்கடை' என்றது, மேலே வந்து 'தரைத்தளம்' என்றது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, மூன்று மொழியிலும் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஸ்டூலில் இருந்த ஊழியர் என்னோடு எல்லா மாடிக்கும் வந்தார். முதலில் லிஃப்ட் சொல்லும், பிறகு அவர் பழக்கதோஷத்தில் சொல்வார். இப்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"இனிமே நான் வார்டுக்குப் போவணுமா மேடம்?"

"ஆமாங்க. லிஃப்ட் சரியாயிடுச்சு."

அவர் ஸ்டூலை மடக்கினார். "ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கலாம் நீங்க. அங்க உக்காரவே விடமாட்டாங்க."

இரண்டாம் மாடியில் ஒரு கண்ணில் கட்டுப் போட்ட அம்மா ஒருவர், மகளின் கையைப் பிடிக்காமல் குரலைக் கேட்டு இறங்கிப் போனார். மகள் பின்னாலேயே ஓடினாள். நான் கருவிகளைப் பையில் போட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி, இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் டீ குடிப்பதை நிறுத்தலாம் என்று அவர் யோசனை சொல்வாரோ என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. அந்தக் கணினி முழுவதையும் மூன்று டிஸ்க்கில் நகலெடுத்தேன். ஒன்று கம்பெனியில், ஒன்று முதலாளி வீட்டில். மூன்றாவதை ரிச்சர்ட்ஸ் டவுனில் வைக்கலாமா என்று அவரே கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை போன் செய்துவிட்டுப் போனேன். அக்கா டிஸ்க்கை வாங்கிப் பெயரெழுதி அலமாரியில் வைத்தார். பிறகு இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, "இப்ப சொல்லு" என்றார். ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு போன எதுவும் நினைவுக்கு வரவில்லை. அன்று பயந்துவிட்டேன், அதற்குப் பிறகு வெட்கமாக இருந்தது, வெட்கத்தில் இரண்டு வருடம் ஓடிவிட்டது என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அக்கா, வேலையை விட்ட முதல் சில மாதங்கள் சாயங்காலமானால் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

பிறகு எழுந்து, பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொள்கிறது, பார்க்கிறாயா என்று கேட்டார். பார்த்தேன். உருளையில் ஒரு பழைய லேபிள் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் ஆனது.